ஸ்ட்ரோக்ஸ்டவுன் பார்க்: முதலில் லாயம், அப்புறம் மாளிகை

அயர்லாந்தில் ஒரே ஒரு பிரபு மாளிகை பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் ரோஸ்காமன் மாவட்டத்துக்குப் போங்கள். டப்ளினுக்குப் பக்கத்திலேயே காசில்டவுன் இருக்கிறது, விக்லோவில் ரஸ்பரோவும் பவர்ஸ்கோர்ட்டும் இருக்கின்றன. எல்லாம் கண்ணைப் பறிக்கும் வீடுகள்தான். ஆனால் வீட்டையும், அந்த வீட்டுக்குப் பணம் கொடுத்த குத்தகைக்காரர்களின் கதையையும் ஒரே வளாகத்தில், ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பார்க்தான். 1840-களில் அயர்லாந்தை உலுக்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தைச் சொல்லும் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் இந்த மாளிகையின் குதிரை லாயப் பகுதியில் இருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதைப் பார்த்துப் பரவசப்படுகிறேன் என்று உங்களுக்குப் புரியாது. வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிஸ்தி, நிலுவை, ஜப்தி, மனு இதெல்லாம் என் வாழ்க்கையில் பாதி. மகள் அத்லோனில் நர்ஸாக இருக்கிறாள். அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் "அப்பா, இந்த வாரம் எந்த மாளிகை?" என்று கேட்பாள். சரவிளக்கும் எண்ணெய் ஓவியமும் எனக்கு அரைமணி நேரத்தில் சலித்துவிடும். இந்தக் கூரையை யார் காசில் போட்டார்கள், ஏக்கருக்கு என்ன வாடகை, பாக்கி வைத்தால் என்ன செய்தார்கள் என்றுதான் மனசு ஓடும். பெயர் வேண்டாம், ஒரு பிரபலமான மாளிகையில் வழிகாட்டியிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கூரையில் இருக்கிற சுதை வேலைப்பாட்டை எந்த இத்தாலியர்கள் செய்தார்கள் என்று விளக்கினார். அழகான வேலைப்பாடுதான், மறுக்கவில்லை.

ஸ்ட்ரோக்ஸ்டவுனில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்களே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் தெரிவது தெரு. ஒரு சின்ன ஊருக்கு இவ்வளவு அகலமான தெரு எதற்கு என்று யாருக்கும் தோன்றும். அயர்லாந்தின் மிக அகலமான தெருக்களில் அது ஒன்று. ஒரு முனையில் எண்கோண வடிவத்தில் ஒரு பழைய சர்ச், மறு முனையில் மூன்று வளைவுகள் கொண்ட மாளிகை வாசல். வியன்னாவில் இருக்கிற ரிங்ஸ்ட்ராஸையைவிட அகலமாக வேண்டும் என்று அன்றைய பிரபு ஆசைப்பட்டுப் போட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரிங்ஸ்ட்ராஸை போடச் சொல்லிப் பேரரசர் உத்தரவு போட்டதே 1857-ல். இந்தத் தெருவைப் போட்ட, மாளிகைக்குச் சொந்தக்காரர்களான ஹார்ட்லண்ட் பிரபுக்களின் வரிசை 1845-லேயே முடிந்துவிட்டது. அதனால் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நம்ப வேண்டாம். வாசலிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை மட்டும் நிஜம் என்று அங்கே நின்றால் தெரிகிறது.

இப்போது என் முக்கியமான சிபாரிசு. மாளிகைச் சுற்றை முதலில் வைத்துக்கொண்டு அருங்காட்சியகத்தைப் பிற்பாடு பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் லாயம், அப்புறம் மாளிகை. வரிசை மாறினால் மாளிகை வெறும் பழைய வீடாகிவிடும்.

அருங்காட்சியகம் 1994-ல் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் அன்றைய ஜனாதிபதி மேரி ராபின்சன். பிறகு முழுக்கப் புதுப்பித்து 2022-ல் மறுபடி திறந்தார்கள். இப்போது காதில் மாட்டிக்கொள்ளும் ஒலி வழிகாட்டி, சுவரில் ஓடும் படங்கள், பின்னணியில் குரல்கள் என்று நவீனமாக இருக்கிறது. எனக்கு இந்த ஒலி ஒளியெல்லாம் கொஞ்சம் அதிகம்தான், காகிதம் போதும். பதினொரு வயதுப் பேத்திக்கு அதுதான் பிடித்தது. ஆளுக்கொரு ரசனை.

கதை இப்படி. மாளிகையின் சொந்தக்காரர்களான மஹோன் குடும்பத்துக்கு இந்த நிலம் 17-ஆம் நூற்றாண்டில் வந்தது. இங்கிலாந்துத் தளபதி குரோம்வெல்லின் படையெடுப்புக்குப் பிறகு நிலம் கைமாறிய காலம் அது. 1641-ல் அயர்லாந்து நிலத்தில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர்கள் கையில் இருந்தது. 1703-க்குள் அது 14 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. நாட்டில் பெரும்பான்மை அவர்கள்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும். அயர்லாந்தின் பெரிய வீடுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு எண்ணின் மேல்தான் எழும்பி நிற்கின்றன. நிலம் கைக்கு வந்த புராட்டஸ்டண்ட் குடும்பங்கள் முதல் இரண்டு தலைமுறை சும்மா இருந்தன. நாடு அமைதியாகிவிட்டது, நிலத்தை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை என்ற நம்பிக்கை வந்த பிறகு, 1720-களிலிருந்து போட்டி போட்டுக்கொண்டு மாளிகை கட்டின. காசில்டவுன் 1722-ல் தொடங்கியது. நடுவில் பெரிய கட்டடம், இரண்டு பக்கமும் வளைந்த சுவர், சுவர் முடிகிற இடத்தில் ஒவ்வொரு சிறகு என்ற பலாடிய பாணி அப்போது மோஸ்தராயிற்று. ஸ்ட்ரோக்ஸ்டவுனில் இருந்த பழைய வீட்டுக்கு இந்தப் புது உருவம் கொடுத்தவர் ரிச்சர்ட் காசல்ஸ் என்று சொல்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து வந்தவர். இன்று நாடாளுமன்றம் நடக்கிற லைன்ஸ்டர் ஹவுஸும் ரஸ்பரோவும் அவர் கைவண்ணம்.

1800-ல் டப்ளினில் இருந்த நாடாளுமன்றத்தைக் கலைத்து லண்டனோடு இணைக்கிற சட்டம் வந்தது. அதை ஆதரித்த பலருக்குப் பட்டம் கிடைத்தது. மாரிஸ் மஹோனும் அந்த வருடம் ஹார்ட்லண்ட் பிரபு ஆனார். மூன்றாவது பிரபு காலத்தில் சிக்கல் ஆரம்பம். அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று கோர்ட் அறிவித்தது. சொத்தை யார் நிர்வகிப்பது என்று உறவினர்களுக்குள் வழக்கு நடந்தது. உரிமையாளருக்குப் புத்தி சுவாதீனம் இல்லை, பங்காளிகள் கோர்ட்டில், தண்டல் செய்ய ஆள் இல்லை, நிலம் மட்டும் உள்குத்தகைக்கு உள்குத்தகையாகத் துண்டு துண்டாகிக்கொண்டே போகிறது. எந்த ஊர் வருவாய் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கும் இந்த ஃபைல் எங்கே போய் முடியும் என்று தெரியும்.

1845-ல் அந்தப் பிரபு இறந்தார். 11,000 ஏக்கருக்கு மேல் நிலமும், ஏறிக் கிடந்த நிலுவையும், கடனும் அவருடைய உறவினர் மேஜர் டெனிஸ் மஹோனுக்கு வந்தன. அதே வருடம் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அருங்காட்சியகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர். அதில் உருளைக்கிழங்கு மட்டும் போட்டால்தான் வயிறு நிறையும், ஏனென்றால் வேறு எந்தப் பயிரும் அவ்வளவு சின்ன நிலத்தில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றாது. தானியம் விளைந்தால் அது வாடகைக்குப் போய்விடும். வாடகைத் தவணை வழக்கமாக வருடத்துக்கு இரண்டு: மே 1, நவம்பர் 1. பல பண்ணைகளில் ஒரு தவணையைப் பாக்கியாகவே விட்டுவைக்கிற பழக்கமும் இருந்தது. கேட்டால் சலுகை மாதிரித் தெரியும். உண்மையில் குத்தகைக்காரன் என்றைக்கும் பாக்கிதாரனாகவே இருப்பான், எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றலாம். அரசாங்கம் அல்ல, நிலச்சுவான்தாரே இப்படி ஒரு கயிற்றைக் கையில் வைத்திருந்தார் என்பதை அங்கே ஒரு பலகையில் படித்தபோது எனக்கு ரொம்ப நேரம் அந்த இடத்தை விட்டு நகர மனசு வரவில்லை.

அப்புறம் அந்த மனு. குளூனஹீ என்ற கிராமத்துக் குத்தகைக்காரர்கள் 1846 ஆகஸ்டில் எழுதியது. பிள்ளைகள் எங்கள் கண் முன்னால் பசியில் அழுகிறார்கள், கிழங்கு அழுகிவிட்டது, தானியம் இல்லை, வேலை கொடுங்கள் என்பது சாரம். மனுக்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். பொதுவாக ஒரு மனுவில் பாதி பணிவு, பாதி மிகைப்படுத்தல் இருக்கும். இதில் பணிவு இருக்கிறது. மிகை ஒரு வரியில்கூட இல்லை. இவர்கள் கேட்டது பிச்சை அல்ல, கூலி வேலை.

அடுத்து வருவது கணக்கு. நாலு பவுனும் அதற்குக் குறைவாகவும் மதிப்பிடப்பட்ட நிலத்துக்கு ஏழைகள் நிவாரண வரியைக் குத்தகைக்காரன் கட்ட வேண்டாம், நிலச்சுவான்தாரே கட்ட வேண்டும் என்று சட்டம். ஏழையைக் காப்பாற்றப் போட்ட சட்டம்தான். ஆனால் விளைவு என்ன? சின்னக் குத்தகைக்காரன் ஒவ்வொருவனும் நிலச்சுவான்தாருக்குச் செலவு. அவனை எடுத்துவிட்டு இடத்தை ஒன்று சேர்த்தால் வரியும் மிச்சம், மாடு மேய்க்கப் புல்வெளியும் லாபம். 1847-ல் இன்னொரு விதி வந்தது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், லட்சக்கணக்கான குடிசைகள் ஏன் இடிந்தன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

மஹோனின் ஏஜெண்டும் உறவினருமான ஜான் ராஸ் மஹோன் கணக்குப் போட்டார். இத்தனை பேரை ஒரு வருடம் ஏழைகள் விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிட, கனடாவுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பினால் செலவு ஏறக்குறைய பாதிதான். முதலாளி தயங்கினார். ஏஜெண்ட் விடவில்லை, ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்கிற அளவுக்கு வற்புறுத்தினார். 1847 மே மாதம் 1,490 பேர் ஸ்ட்ரோக்ஸ்டவுனிலிருந்து ராயல் கால்வாய்க் கரையோரமாக டப்ளினுக்கு நடந்தார்கள். வழியில் யாரும் திரும்பிவிடாமல் இருக்க ஒரு அமீனாவும் கூடவே போனார். டப்ளினிலிருந்து லிவர்பூல், அங்கிருந்து நான்கு கப்பல்களில் கியூபெக். வர்ஜீனியஸ் என்ற கப்பலில் ஏறியவர்கள் 476 பேர், நடுக்கடலில் இறந்தவர்கள் 158 பேர். மிச்சம் இருந்தவர்களிலும் பலர் குரோஸ் ஈல் தீவின் தொற்றுநோய் முகாமில் காய்ச்சலில் போனார்கள்.

இந்தக் கணக்கு ஏன் என்னைத் தொந்தரவு செய்தது என்று சொல்ல வேண்டும். ஏஜெண்டின் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. அவர் கையெழுத்தும் சுத்தமாக இருந்திருக்கும். அவர் மனத்தில் தன்னை ஒரு கெட்டவராக நினைத்திருக்கவே மாட்டார், திறமையான நிர்வாகி என்றுதான் நினைத்திருப்பார். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்த யாரும் இந்தக் காகிதத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

பேத்திக்குப் பிடித்தது டேனியல் டை என்ற பையனின் கதை. பன்னிரண்டு வயது. அம்மா, மாமா, கூடப்பிறந்தவர்களோடு நேயோமி என்ற கப்பலில் போனான். கரை சேர்ந்தது அவனும் தங்கை கேத்தரினும் மட்டும். கியூபெக்கில் ஒரு பிரெஞ்சு பேசும் குடும்பம் இரண்டு பேரையும் சேர்த்தே எடுத்து வளர்த்தது. பெயரை மாற்றவில்லை. அந்த வம்சத்தில் வந்த ஒருவர் 2013-ல் ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்குத் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர்கள் நடந்த வழி இப்போது 165 கிலோமீட்டர் நீள நடைபாதை, தேசியப் பஞ்சப் பாதை என்று பெயர். ஒரு பாழடைந்த குடிசைக் கூரையில் கட்டிவைத்த நிலையில் கிடைத்த பழைய குழந்தைச் செருப்பு ஜோடியைப் பார்த்து வெண்கலத்தில் செருப்புகள் செய்து, வழி நெடுக முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்திருக்கிறார்கள். முழுப் பாதையும் நடக்க ஆசைதான், முழங்கால் சம்மதிக்காது. சைக்கிளில் போகிறவர்கள் நிறையப் பேர்.

டெனிஸ் மஹோனை 1847 நவம்பர் 2-ஆம் தேதி மாலை சுட்டுக் கொன்றார்கள். ரோஸ்காமனில் ஏழைகள் நிவாரணக் குழுக் கூட்டம் முடித்துவிட்டு வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வாடகைத் தவணை நாளுக்கு மறுநாள் என்பதை நான் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. லண்டன் நாடாளுமன்றத்தில் பெரிய கூச்சல். பிறகு எல்ஃபின் மறைமாவட்டத்துக் கத்தோலிக்க பிஷப் ஒரு பட்டியலைப் பத்திரிகையில் வெளியிட்டார். மஹோன் பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 3,006 பேர், கிராமம் கிராமமாக, குடும்பத் தலைவர் பெயரோடு. கொலை செய்தது சரி என்று யாரும் அருங்காட்சியகத்தில் சொல்லவில்லை. மேஜரை ராட்சசனாகவும் காட்டவில்லை. காகிதங்களை எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்த அடக்கம் எனக்குப் பிடித்தது. ரோஸ்காமன் மாவட்டத்தில் 1841-ல் இரண்டரை லட்சம் பேர் இருந்தார்கள், பத்து வருடத்தில் 1,73,000-ஆகக் குறைந்தது என்பதைச் சொல்ல உணர்ச்சி வசனம் தேவையில்லையே.

இதையெல்லாம் படித்துவிட்டு முற்றத்தைக் கடந்து மாளிகைக்குள் போனால் ஒவ்வொரு அறையும் வேறு மாதிரி தெரியும்.

வீட்டைத் தனியாகச் சுற்ற முடியாது, வழிகாட்டியோடுதான். நல்ல ஏற்பாடு. சாமான்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பம் புழங்கியவையே. வேறு ஊரிலிருந்து ஏலத்தில் எடுத்து நிரப்பிய நாற்காலிகள் இல்லை. நூலகம், சாப்பாட்டு அறை, வரவேற்பறை எல்லாம் வழக்கமான பாணி, ரொம்ப எழுதத் தேவையில்லை. துணி கொஞ்சம் மங்கியிருக்கிறது, சுவர்க் காகிதம் வெளுத்திருக்கிறது. அப்படியே விட்டிருப்பதுதான் அழகு. மாடியில் குழந்தைகளின் விளையாட்டு அறையும் படிப்பு அறையும் இருக்கின்றன. பேத்தி அங்கிருந்து நகர மறுத்தாள்.

சமையலறையை மட்டும் தவற விடாதீர்கள். உயரமான கூடம். மேலே, சுவரை ஒட்டி மரக் கைப்பிடியோடு ஒரு பால்கனி. வீட்டு எஜமானி கீழே இறங்குவது கிடையாது. திங்கட்கிழமை காலை அந்தப் பால்கனியில் நின்று, வாரத்துக்கான சாப்பாட்டுப் பட்டியலைச் சமையற்காரிக்கு மேலிருந்து போடுவாராம். அயர்லாந்தில் இப்படி மிஞ்சியிருக்கிற சமையலறை இது ஒன்றுதான் என்கிறார்கள். வேலைக்காரர்கள் முற்றத்தில் நடப்பது ஜன்னலில் தெரியக் கூடாது என்று சுரங்கப் பாதையும் இருக்கிறது. எஜமானிக்குச் சமையல் வாடை வேண்டாம், எஜமானருக்கு வேலைக்காரர் முகம் வேண்டாம். குதிரைகளுக்கு மட்டும் தூண் வைத்து, வில் வளைவுக் கூரை போட்டு லாயம். என் மகள் காதோடு சொன்னாள்: "குதிரையாப் பிறந்திருக்கலாம்பா." வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் எங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன், அவரும் சிரித்தார்.

சரி, இவ்வளவு நடந்த பிறகும் இந்த வீடு எப்படித் தப்பித்தது? அதுதான் அடுத்த ஆச்சரியம். 1879-க்குப் பிறகு குத்தகைக்காரர்களின் நிலச் சங்கம் வந்தது, வாடகை மறுப்புப் போராட்டம் வந்தது. லண்டன் அரசாங்கம் ஒவ்வொரு சட்டமாக இறங்கி வந்து, கடைசியில் 1903-ல் நிலச்சுவான்தார்கள் விற்க, குத்தகைக்காரர்கள் வாங்க, நடுவில் அரசாங்கம் கடன் கொடுக்க என்று ஒரு பெரிய திட்டம் போட்டது. விற்கிறவருக்கு விலைக்கு மேல் 12 சதவீதம் ஊக்கத்தொகை. வாங்கியவர் அறுபத்தெட்டரை வருடத்தில் தவணையாகக் கட்ட வேண்டும். நிலம் போயிற்று, வீடு நின்றது. வருமானம் இல்லாத வீடு. பிறகு 1920-லிருந்து 1923 வரை, விடுதலைப் போரிலும் அடுத்து வந்த உள்நாட்டுப் போரிலும், ஏறத்தாழ 300 மாளிகைகள் எரிக்கப்பட்டன. அதற்கும் தப்பியவை வரிச் சுமையில் விழுந்தன. கூரை இருந்தால்தான் வரி என்பதால் சொந்தக்காரர்களே கூரையைப் பிரித்த வீடுகள் உண்டு.

ஸ்ட்ரோக்ஸ்டவுனில் 1921-ல் பிரிட்டிஷ் குதிரைப்படையினர் தங்கியிருந்தார்கள். அங்கிருந்து கிளம்பிய அவர்களுடைய லாரியை அந்த மார்ச் மாதம் பக்கத்தில் ஸ்க்ரமோக் என்ற இடத்தில் ஐரிஷ் விடுதலைப் படையினர் மறித்துத் தாக்கியிருக்கிறார்கள். வீட்டை மட்டும் யாரும் கொளுத்தவில்லை. கொலையுண்ட மேஜரின் மகள் கிரேஸ் திரும்ப இங்கே வந்து வாழவே இல்லை என்கிறார்கள். ஆனால் பாக்கன்ஹம் குடும்பத்தைச் சேர்ந்த அவர் கணவர் தன் பெயரோடு மஹோனையும் சேர்த்துக்கொண்டார், வம்சம் தொடர்ந்தது. கடைசியாக இங்கே வாழ்ந்தவர் ஆலிவ் பாக்கன்ஹம் மஹோன். பக்கத்து ராக்கிங்ஹம் பண்ணை வாரிசை 1914-ல் கல்யாணம் செய்துகொண்டு, அதே வருடம் போரில் அவரை இழந்தவர். பிறகு மறுமணம் செய்து இந்த வீட்டிலேயே மூப்படைந்தார்.

1979-ல் வீட்டை வாங்கியது ஊரில் லாரித் தொழில் நடத்திய ஒரு கராஜ் நிறுவனம். அதன் உரிமையாளர் ஜிம் கேலரிக்கு வேண்டியிருந்தது நிலம்தான். வீட்டுக்குள் அடுக்கடுக்காகக் கிடந்த காகிதங்களில் குளூனஹீ மனு அவர் கையில் அகப்பட்டது. அதன் பிறகு அவர் மனசு மாறி, சாமான்களை அப்படியே வைத்து, அருங்காட்சியகம் அமைக்க முடிவு செய்தார். காகிதங்கள் மொத்தம் 50,000-க்கு மேல். வேறு பண்ணைகளில் இப்படிப்பட்ட பேரேடுகள் தீயில் போயின, ஈரத்தில் போயின, வேண்டுமென்றே அழிக்கவும் பட்டிருக்கும். 2015-லிருந்து ஐரிஷ் பாரம்பரிய அறக்கட்டளை இதை நடத்துகிறது. எந்தக் குத்தகைக்காரர் வீட்டிலிருந்து மனு வந்ததோ, அந்த மாதிரிக் குடும்பங்கள் வாழ்ந்த ஊரின் ஆள்தான் கடைசியில் பெரிய வீட்டையும் காகிதத்தையும் காப்பாற்றினார் என்பதை வழிகாட்டி அழுத்திச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அதுதான் மொத்தச் சுற்றிலும் பெரிய விஷயம்.

தோட்டம்: மதில் சூழ்ந்த தோட்டம். நீளமான பூப்பாத்திக்கு இங்கிலாந்து, அயர்லாந்து இரண்டுக்கும் சேர்த்துச் சாதனை என்று பெயர். வெயில் காலத்தில் போனால் பூ கொட்டிக் கிடக்கும். மழை பெய்தால் வெளியே சுற்றுவது கஷ்டம், அதனால் தோட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காபி கடையில் சூப்பும் ஸ்கோனும் கிடைக்கும், காரசாரமாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

யாருக்குப் பிடிக்காது என்றும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பும் தங்க முலாமும் கல்யாண ஆல்பத்துக்கு ஏற்ற பின்னணியும் வேண்டுமென்றால் பவர்ஸ்கோர்ட் தோட்டத்துக்குப் போங்கள், மாளிகை 1974-ல் எரிந்தாலும் தோட்டம் அற்புதம். எட்டு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளுக்கு அருங்காட்சியகத்தின் சில பகுதிகள் கனமாக இருக்கும், முதலிலேயே கொஞ்சம் சொல்லி வையுங்கள். அவசரக்காரர்களுக்கும் இது சரிப்படாது. அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம், வீட்டுச் சுற்றுக்கு ஒரு மணி நேரம் என்று ஒதுக்கினால் தோட்டத்தோடு அரை நாள் ஓடிவிடும்.

கார் இருந்தால் நல்லது. ரயிலில் வருகிறவர்கள் டப்ளின் கானலியிலிருந்து ஸ்லைகோ வண்டி ஏறி லாங்ஃபோர்டில் இறங்க வேண்டும். வீட்டுச் சுற்று குறிப்பிட்ட நேரங்களில்தான், குளிர்காலத்தில் நேரம் குறையும். கிளம்பும் முன் இணையத்தில் பார்த்து இரண்டுக்கும் சேர்ந்த டிக்கெட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மட்டும் எடுக்க வேண்டாம்.

மாலையில் நேரம் மிச்சம் இருந்தால் வடக்கே பாய்ல் பக்கம் லோக் கீ வனப் பூங்காவுக்கு ஓட்டிப் போங்கள். ஆலிவின் முதல் கணவர் குடும்பத்து ராக்கிங்ஹம் மாளிகை நின்ற இடம் அது. ஜான் நாஷ் வரைந்த கட்டடம். 1957-ல் எரிந்தது, 1971-ல் மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள். வீடு இல்லை, ஆனால் வேலைக்காரர்கள் கண்ணில் படாமல் போய்வரக் கட்டிய சுரங்கங்கள் அப்படியே இருக்கின்றன, உள்ளே நடந்து பார்க்கலாம். கூரை தாழ்வு, உயரமானவர்கள் தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.